திருநெல்வேலிக்கே அல்வா, நியூகாசிலுக்கே நிலக்கரி: ஆங்கிலப் பழமொழிகள் நம்மைக் குழப்புவது ஏன்?

பாளையங்கோட்டையில் படித்தாலும் சரி, அம்பாசமுத்திரத்தில் படித்தாலும் சரி, ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்த அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் ஆங்கிலப் பழமொழி, வலது பக்கம் அதற்குச் 'சமமான' தமிழ்ப் பழமொழி. மனப்பாடம் பண்ணி ஒப்பித்தால் ரெண்டு மார்க், அதோடு கதை முடிந்தது. இப்போது போனில் வேறொரு வகைச் செய்தி வந்து விழுகிறது: 'நீங்கள் படித்தது பாதிப் பழமொழிதான், முழுசையும் படித்தால் அர்த்தமே தலைகீழ்' என்று. அட்டவணையை நம்புவதா, போனை நம்புவதா என்று கேட்டால், ரெண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்ப்பதுதான் நல்லது. ஒரு ஆங்கிலப் பழமொழியின் அர்த்தம் அது பிறந்த ஊரின் வயலிலும் அடுப்படியிலும் கிடக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் நிற்கிற தமிழ்ப் பழமொழி அதற்குத் தூரத்துச் சொந்தம், சில நேரம் சொந்தமே கிடையாது. எப்படி என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

பழமொழி வேறு, மரபுத்தொடர் வேறு

பழமொழி என்றால் முழு வாக்கியம். அதற்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கும். 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம், கேட்பவனுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். சுருக்கமாக இருக்க வேண்டும், நுட்பமாக இருக்க வேண்டும், சொல்ல வந்த விஷயத்துக்குக் காரணமாக நின்று அதை முடித்துவைக்க வேண்டும் என்று முதுமொழிக்குத் தொல்காப்பியமே இலக்கணம் சொல்லியிருக்கிறது. மரபுத்தொடர் அப்படி இல்லை, அது ஒரு துண்டு. 'வைக்கோல் படப்பில் படுத்த நாய் மாதிரி' என்று நிறுத்தினால் யார், என்ன என்று அடுத்த கேள்வி வரும். (ஆங்கிலக்காரர்கள் இதே நாயைத் தீவனத் தொட்டியில் படுக்க வைத்திருக்கிறார்கள். தானும் தின்னாது, தின்கிற மாட்டையும் விடாது என்பதில் ரெண்டு நாயும் ஒன்றுதான்.)

அட்டவணைகள் இந்த ரெண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடும். 'நியூகாசிலுக்கு நிலக்கரி சுமப்பது' என்பதைப் பழமொழி என்று போட்டிருப்பார்கள், உண்மையில் அது மரபுத்தொடர். நியூகாசில் என்பது இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள், பல நூற்றாண்டுகளாக லண்டனின் அடுப்புகளுக்குக் கப்பல் கப்பலாகக் கரி போனது இங்கிருந்துதான். அந்த ஊருக்கே ஒருவன் கரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு விற்கப் போனால் எப்படி இருக்கும்? தமிழில் இதற்குக் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' கனகச்சிதமாகப் பொருந்துகிறது.

நம்மூர்க்காரர்கள் அதைவிடச் சுவையாக ஒன்று வைத்திருக்கிறார்கள்: 'திருநெல்வேலிக்கே அல்வாவா?' மேலோட்டமாகப் பார்த்தால் நியூகாசில் கரியும் நெல்லை அல்வாவும் ஒன்றுதான், எது எங்கே கொட்டிக் கிடக்கிறதோ அங்கேயே அதைக் கொண்டுபோவது. ஆனால் 'அல்வா கொடுத்தான்' என்றால் ஏமாற்றினான் என்ற பேச்சுவழக்கும் தமிழில் இருக்கிறது, சினிமா அதை நாடு முழுக்கப் பரப்பியும் விட்டது. அதனால் 'திருநெல்வேலிக்கே அல்வாவா' என்றால் 'எங்களிடமே உன் வேலையைக் காட்டுகிறாயா' என்ற குத்தலும் கூடவே வருகிறது. நியூகாசில் கரிக்கு அந்தக் குத்தல் கிடையாது, அது வெறும் வீண்வேலை. இத்தனை நெருக்கமான ஜோடியிலேயே இவ்வளவு இடைவெளி இருந்தால், மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கே தடுக்குகிறது?

1. சொல்லின் பழைய அர்த்தம்

'த ப்ரூஃப் ஆஃப் த புட்டிங் இஸ் இன் த ஈட்டிங்.' இதில் ப்ரூஃப் என்றால் ஆதாரம் என்று எடுத்துக்கொண்டால் ஒன்றுமே விளங்காது. பழைய ஆங்கிலப் பேச்சில் அந்தச் சொல்லுக்குச் 'சோதனை' என்ற அர்த்தம் உண்டு. புட்டிங்கும் நாம் நினைக்கிற இனிப்பு இல்லை. அந்தக் காலத்தில் ஆட்டுக் குடலுக்குள்ளோ பன்றிக் குடலுக்குள்ளோ கறியையும் மாவையும் அடைத்து வேக வைத்த பண்டத்துக்குத்தான் அந்தப் பேர். உள்ளே என்ன அடைத்திருக்கிறான், வெந்திருக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா, எதுவும் வெளியே தெரியாது. தின்று பார்த்தால்தான் தெரியும், அதுதான் சோதனை. இப்போது ஆங்கிலேயர்களே இதைச் சுருக்கி 'ப்ரூஃப் இஸ் இன் த புட்டிங்' என்று சொல்லி, ஆதாரம் என்னமோ கிண்ணத்துக்குள் ஒளிந்திருப்பது போல ஆக்கிவிட்டார்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை அல்வாவுக்காகச் சாயங்காலம் வரிசையில் நிற்பவர்களுக்கு இந்தப் பழமொழியை விளக்கவே வேண்டாம். கடையில் விளக்கு எப்படி எரிகிறது, போர்டு இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தா வாங்குகிறார்கள்?

இதைவிட அதிகமாகத் தப்பாகப் பயன்படுவது 'எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்'. 'விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது' என்று அப்படியே மொழிபெயர்த்துவிட்டு, தன் வாதத்துக்கு எதிராக யாராவது ஒரு உதாரணம் காட்டியதும், 'பார்த்தாயா, விதிவிலக்கு இருப்பதாலேயே விதி உண்மை' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். எதிர் உதாரணம் ஒரு விதியை எப்படி ஐயா நிரூபிக்கும்? இது லத்தீனில் இருந்து வந்த சட்டக் கோட்பாடு. ஒரு விலக்கை வெளிப்படையாகச் சொன்னால், சொல்லாத மற்ற இடங்களில் எல்லாம் விதி நடப்பில் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். நம்மூர் உதாரணமே சொல்லலாம். 'ராத்திரி கடைசி பஸ் மட்டும் ஊருக்குள் வரும்' என்று ஒருவர் சொன்னால், பகலில் வருகிற பஸ் எல்லாம் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும் என்று அவர் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. விலக்கைச் சொன்னதால் விதி வெளியே வந்தது. அந்த மெயின் ரோட்டு இடத்துக்குத் தென்மாவட்டங்களில் 'விலக்கு' என்றுதான் பெயர் என்பதும் ஒரு அழகு.

'எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்' என்பதிலும் இதே கதை. இன் டைம் என்றால் 'நேரத்தோடு'. கிழிசல் சின்னதாக இருக்கும்போதே ஒரு தையல் போட்டுவிட்டால், பின்னால் ஒன்பது தையல் மிச்சம். ஒன்பது என்ற எண்ணுக்குத் தனி மர்மம் எதுவும் இல்லை, ஆங்கிலத்தில் டைமுக்கும் நைனுக்கும் ஓசை இழைவதால் அந்த எண். 1732-ல் தாமஸ் ஃபுல்லர் தொகுத்த நூலிலேயே இது இருக்கிறது. தமிழ் ஜோடியாக 'வருமுன் காப்போம்' என்று போடுவார்கள், பரவாயில்லை. ஆனால் வள்ளுவர் இதே விஷயத்துக்கு நெருப்புக்கு முன்னால் இருக்கிற வைத்தூற்றை, அதாவது வைக்கோல் படப்பைக் காட்டுகிறார் (குறள் 435). ஒன்பது தையல் என்பது எரிச்சல், எரிகிற படப்பு சர்வநாசம். ரெண்டுக்கும் சூடு ஒன்றல்ல.

2. சொல்லுக்குப் பின்னால் நிற்கும் பொருள்

எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்.' அட்டவணையில் எதிரே 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று இருக்கும், கீழே 'வெயில் உள்ளபோதே வைக்கோலைக் காயவை' என்று ஒரு சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பும் இருக்கும். அந்த மொழிபெயர்ப்பு தப்பு. வைக்கோல் என்பது நெல்லை எடுத்தபிறகு மிஞ்சுகிற தாள். ஹே என்பது பச்சைப் புல்லையே தீவனத்துக்காக அறுத்துக் காய வைப்பது. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் புல் வளராது, மாடுகளுக்கு வசந்தம் வரைக்கும் தாக்குப்பிடிக்கத் தீவனம் வேண்டும். அதனால் கோடையில் புல்லை அறுத்துப் பரப்பி, சில நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து அடுக்குவார்கள். அந்த ஊர்க் கோடையோ எப்போது மழை வரும் என்று சொல்லவே முடியாத கோடை. பாதி காய்ந்த புல்லில் மழை விழுந்தால் பூஞ்சை பிடித்து வீணாகிவிடும், குளிர்காலத்தில் மாடு பட்டினி. வெயில் என்பது அங்கே எப்போதாவது கிடைக்கிற வரம், அதைத் தவறவிட்டால் போச்சு. இந்தப் பழமொழி 1546-ல் ஜான் ஹேவுட் தொகுத்த நூலிலேயே இருக்கிறது.

இதைச் சித்திரை மாதத்தில் வள்ளியூரிலோ சங்கரன்கோவிலிலோ உட்கார்ந்து வாசிக்கிற ஒரு பையனுக்கு என்ன தோன்றும்? வெயில் அடிக்கும்போதே வேலையை முடி என்றால், அடிக்காத நாள் எது என்று கேட்பான். நமக்கு வெயில் வாய்ப்பு இல்லை, தப்பிக்க வேண்டிய சங்கதி. நமக்கு வாய்ப்பு என்றால் காற்று. களத்தில் நெல்லைக் குவித்துவிட்டுச் சுளகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்குத் தெரியும். காற்று வந்தால் பதர் பறக்கும், மணி காலடியில் விழும். காற்று நின்றுவிட்டால் சும்மா உட்கார வேண்டியதுதான், மனிதன் வாயால் ஊதிப் பதரைப் பிரிக்க முடியாது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று ரெண்டு போகம். ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியாகச் சீறி வருகிற காற்று ஒரு ரகம், பிசானம் அறுக்கிற மாசி, பங்குனியில் எப்போது வரும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாத காற்று வேறு ரகம். அறுவடை மெஷின் வயலிலேயே தூற்றிக் கொட்டிவிடுகிற இந்தக் காலத்தில் அந்தக் காத்திருப்பு போய்விட்டது, பழமொழி மட்டும் மிச்சம்.

ஆக ரெண்டு பழமொழியும் ஒரே புத்திமதியைத்தான் சொல்கின்றன, ஒத்துக்கொள்ளலாம். இருந்தாலும் தமிழில் இது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பதவியில் இருக்கிறவர் சுருட்டுவதைப் பார்த்து 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிறார்' என்று கேலியாகச் சொல்வதுதான் இப்போது அதிகம் காதில் விழுகிறது. கடுமையாக உழைக்கிற ஒருவரைப் பாராட்டப் போய் இதைச் சொல்லிவிட்டால், அவர் முறைப்பார்.

அடுத்தது உருளும் கல். 'எ ரோலிங் ஸ்டோன் கேதர்ஸ் நோ மாஸ்.' உருண்டுகொண்டே இருக்கும் கல்லில் பாசி பிடிக்காது. இதற்கு ஆங்கிலத்திலேயே நேர் எதிரான ரெண்டு அர்த்தங்கள் உண்டு, அதனால் தேர்வில் எதை எழுதினாலும் யாராவது ஒரு வாத்தியார் தப்பு என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது.

அ) பழைய அர்த்தம்: பாசி நல்லது. ஒரே இடத்தில் நிலைத்து நின்றால்தான் சொத்து, சொந்தம், பேர் எல்லாம் சேரும். ஊர் ஊராகத் திரிபவனுக்கு ஒன்றும் ஒட்டாது.

ஆ) பிறகு, முக்கியமாக அமெரிக்காவில், வேரூன்றிய அர்த்தம்: பாசி என்றால் துரு, தேக்கம். ஓடிக்கொண்டே இருப்பவன் மேல் அது படியாது, அதனால் ஓடு.

ஈரமும் குளிருமான நாட்டில், பழைய கல்சுவரின் மேல் மெத்தை மாதிரி பச்சையாகப் படரும் பாசி பார்க்க அழகு, பழமைக்கும் நிலைப்புக்கும் அடையாளம். அதை வைத்துத்தான் முதல் அர்த்தம். குறுக்குத்துறையிலோ பாபநாசத்திலோ படித்துறையில் இறங்கிக் குளிக்கிறவனுக்குப் பாசி என்றால் என்ன? கால் வைத்தால் இடுப்பு போய்விடும் என்பதுதான். அதனால்தான் நம் பிள்ளைகள் இந்தப் பழமொழியைப் பார்த்ததும் யோசிக்காமல் ரெண்டாவது அர்த்தத்துக்குப் போய்விடுகிறார்கள். அது அவர்கள் தப்பு இல்லை, ஆற்றின் பாடம் அப்படி.

சில இடங்களில் பின்னால் நிற்கிற பொருள் ரெண்டு ஊரிலும் ஒன்றாகவே அமைந்துவிடும், அப்போது விளக்கமே தேவைப்படாது. பரிசாக வந்த குதிரையின் வாயைத் திறந்து பார்க்காதே என்கிறது ஆங்கிலம். குதிரைக்கு வயது பல்லில் தெரியும். கி.பி. 400 வாக்கிலேயே புனித ஜெரோம் இதை ஊரறிந்த பழமொழி என்று லத்தீனில் எழுதியிருக்கிறார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்கிறது தமிழ். மேலப்பாளையம் சந்தையில் மாடு வாங்கப் போகிற யாரும் முதலில் கீழ்த்தாடையைப் பிடித்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா என்றுதான் பார்ப்பார்கள் (மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது). காசு கொடுத்து வாங்குகிற இடத்தில் பார்ப்பது நியாயம், சும்மா வந்ததற்குப் பார்ப்பது அநியாயம். அட்டவணையில் முழு மார்க் வாங்குகிற ஜோடி இது ஒன்றுதான் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

3. சொற்களின் வரிசை

'யூ கான்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்.' கேக்கை வைத்திருந்தால்தானே தின்ன முடியும், இதில் என்ன முடியாது என்று குழம்பாதவர்கள் குறைவு. ஹேவ் என்பதற்கு இங்கே 'மிச்சம் வைத்துக்கொள்வது' என்று அர்த்தம். ஹேவுட் காலத்தில் இதன் வரிசை நேர்மாறாக இருந்தது: கேக்கைத் தின்றுவிட்டு, பிறகு அதை வைத்துக்கொள்ளவும் முடியாது. இப்படிச் சொன்னால் குழந்தைக்கும் புரியும். பிற்காலத்தில் வரிசை புரண்டு, புரண்டதே வழக்காகிவிட்டது.

இந்த வரிசை ஒரு கொலை வழக்கிலும் வந்தது. அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை தபாலில் அனுப்பியும் நேரில் வைத்தும் வெடிகுண்டுகளால் மூன்று பேரைக் கொன்ற டெட் காசின்ஸ்கி எழுதிய நீண்ட அறிக்கை 1995-ல் பத்திரிகையில் வெளியானது. அதில் இந்தப் பழமொழி பழைய வரிசையிலேயே இருந்தது. அவர் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்திலும் அதே பழைய வரிசை. நடையை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு, ரெண்டையும் எழுதியது ஒரே கை என்று காட்டிய பல தடயங்களில் இதுவும் ஒன்று. 1996 ஏப்ரலில் அவர் பிடிபட்டார்.

தமிழ் ஜோடி 'கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை'. பயன்படுத்துகிற இடம் ஒன்றுதான், காட்சி வேறு. கேக்கில், தின்றால் பொருளே இல்லாமல் போகிறது. கூழில், குடித்தாலும் மீசை அப்படியேதான் இருக்கும், கொஞ்சம் அசிங்கமாகும், கழுவிக்கொள்ளலாம். நம் ஆள் கொஞ்சம் தாராளம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'வென் இன் ரோம்' என்று தொடங்கி, ரோமில் இருந்தால் ரோமர்கள் மாதிரி நட என்று சொல்கிற பழமொழிக்குக் கதை உண்டு. நான்காம் நூற்றாண்டில் ரோமில் கிறிஸ்தவர்கள் சனிக்கிழமை விரதம் இருந்தார்கள், மிலானில் அப்படி இல்லை. எதைப் பின்பற்றுவது என்ற குழப்பத்தோடு அகஸ்டின் கேட்டபோது, மிலான் ஆயர் அம்புரோஸ், 'ரோமுக்குப் போனால் சனிக்கிழமை விரதம் இருக்கிறேன், இங்கே இருக்கும்போது இருப்பதில்லை' என்றாராம். புரட்டாசிச் சனிக்கிழமை நவதிருப்பதிக்குப் போகிற ஊரில் இது புரியாமல் போகாது. இதற்கு 'ஊரோடு ஒத்து வாழ்' என்று ஜோடி போடுகிறார்கள், அது வெறும் கட்டளை. விருந்தாளியாகப் போன இடத்தில் நடந்துகொள்வது பற்றி என்றால் 'பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு' என்பதுதான் சரி. விரதத்தில் ஆரம்பித்தது தமிழுக்கு வந்ததும் நடுத்துண்டில் முடிகிறது பாருங்கள்.

'முழுப் பழமொழி' என்று சுற்றி வருவது

1. ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டி. சொந்தபந்தம் மற்ற உறவைவிட வலுவானது என்பது அர்த்தம். தமிழில் 'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்'. போனில் வருவது: 'உண்மையான வடிவம், உடன்படிக்கையின் ரத்தம் கருப்பையின் நீரைவிடக் கெட்டி என்பதுதான், அதாவது நட்பே உறவைவிடப் பெரிது.' கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் அந்த நீள வடிவத்துக்குப் பழைய நூல்களில் தடமே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது தலைகாட்டுகிறது. சொந்த ரத்தம் தண்ணீரால் கெடாது என்ற கருத்து இடைக்கால ஜெர்மன் கதைப்பாட்டிலேயே இருக்கிறது, 1815-ல் வால்டர் ஸ்காட் தன் நாவலில் இன்றைய வடிவத்தையே உறவு என்ற அர்த்தத்தில் எழுதுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிரம்புல் என்ற அமெரிக்கப் பாதிரியார், அரபு மக்களிடம் 'ரத்தம் பாலைவிடக் கெட்டி' என்ற சொல் இருப்பதாக எழுதினார். ஒரே தாயிடம் பால் குடித்தவர்களைவிட ரத்தத்தால் உடன்படிக்கை செய்துகொண்டவர்கள் நெருக்கம் என்பது அது. இதுவும் அதுவும் கலந்துதான் புது வடிவம் முளைத்திருக்க வேண்டும் என்று படுகிறது.

2. ஆர்வம் பூனையைக் கொன்றது. 'திருப்தி அதை உயிர்ப்பித்தது' என்ற வால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒட்டியது. வேடிக்கை என்னவென்றால் தலைப்பகுதியே மாறியதுதான். 1598-ல் பென் ஜான்சன் நாடகத்தில் பூனையைக் கொல்வது ஆர்வம் இல்லை, 'கேர்', அதாவது கவலை. பூனையைக் கவலை கொன்றபோது அது ஒரு பழமொழி, ஆர்வம் கொன்றபோது வேறு பழமொழி.

3. எல்லா வேலையும் தெரிந்த ஜாக். முதலில் இது வசவே இல்லை, சகல வேலையும் பார்ப்பவன் என்று மட்டும்தான். 'எதிலும் தேர்ச்சி இல்லாதவன்' என்பது பிறகு ஒட்டியது. 'ஆனாலும் ஒன்றில் மட்டும் தேர்ந்தவனைவிட மேல்' என்பது மிகச் சமீபத்திய ஒட்டு. மூல வடிவத்தைத் தேடினால் நீள வடிவம் கிடைக்காது, குட்டை வடிவம்தான் கிடைக்கும். இதற்கு அட்டவணைகள் 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று ஜோடி போடுவது தவறு. அந்தத் தச்சனுக்கு வேலை நன்றாகத் தெரியும், எந்த மரம் என்று முடிவெடுக்கத்தான் தெரியவில்லை.

இந்த வியாதி ஆங்கிலத்துக்கு மட்டும் இல்லை. தமிழிலும் 'மண் குதிரை இல்லை, மண் குதிர்', 'சட்டி இல்லை, சஷ்டி', 'அடி உதவுவது போல என்றால் இறைவன் திருவடி' என்று தினம் ஒன்று வருகிறது. ஆற்றில் இறங்கினால் களிமண் குதிரை கரைந்துவிடும் என்பதில் என்ன புரியாமல் போயிற்று என்று அதை மாற்றுகிறார்கள்? பழைய வடிவம் வேண்டுமென்றால் பழைய தொகுப்பைப் பார்ப்பதுதான் வழி. ஆங்கிலத்துக்கு ஹேவுட் (1546), ஜான் ரே (1670). தமிழுக்குப் பெர்சிவல் 1874-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு போட்டிருக்கிறார், ஜென்சன் 1897-ல் இன்னொரு தொகுப்பு. பழமொழி நானூறு இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டு முந்தியது.

ஒன்றை ஒன்று வெட்டினால்?

பல கை சேர்ந்தால் வேலை லேசு என்கிறது ஒரு ஆங்கிலப் பழமொழி, சமையல்காரர் கூடினால் ரசம் கெடும் என்கிறது இன்னொன்று. குதிக்குமுன் பார் என்று ஒன்று, தயங்கினவன் கெட்டான் என்று ஒன்று. தமிழில் 'பதறாத காரியம் சிதறாது' என்ற வாயாலேயே 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்றும் சொல்கிறோம். இதில் எது உண்மை என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் பழமொழியை அறிவியல் விதி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அது வக்கீல் வாதம் மாதிரி. வழக்கு எதுவோ அதற்கேற்றது எடுபடும். ஆனியில் நெல்லையப்பர் தேரை இழுக்க ஊரே கூட வேண்டும், நாலு பேர் போதும் என்றால் வடம் அசையாது. அதே ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி வைக்கும்போது தேங்காய்ப்பால் கொதித்துத் திரியாமல் இறக்குவது ஒரே கையின் வேலை, அங்கே நாலு கரண்டி நுழைந்தால் சொதி காலி.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

முதலில் தேர்வு. விளக்கம் எழுதச் சொன்னால் தமிழ் ஜோடியை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். என்ன காட்சி, அதிலிருந்து என்ன புத்திமதி, எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்வார்கள் என்று மூன்று வரி எழுதினால் போதும்.

அடுத்தது கொஞ்சம் கனமான விஷயம். 'ஸ்பேர் த ராட் அண்ட் ஸ்பாய்ல் த சைல்ட்' என்பதற்கு 'அடியாத மாடு படியாது' என்று எழுதி, வகுப்பறைப் பிரம்புக்கே அது ஒரு லைசென்ஸ் மாதிரி ஆகிவிட்டிருந்தது. இதன் வேர் விவிலியத்தின் நீதிமொழிகள் 13:24, 'பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்' என்று பாளையங்கோட்டைக் கோயில்களில் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஆங்கிலப் பழமொழியின் இன்றைய சொற்கள் சாமுவேல் பட்லர் 1660-களில் எழுதிய கேலிக் காவியத்தில் வருபவை, அங்கே அது காதலைச் சின்னப் பையனாக்கிச் சவுக்கடி கொடுக்கச் சொல்கிற கிண்டல். அதை எடுத்து ஒரு நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் முதுகில் வைத்துவிட்டோம். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பழமொழியைச் சொல்லி அதைத் தாண்ட முடியாது.

கடைசியாக, மொழிபெயர்ப்பு நம் மொழிக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. 'ரோம் ஒரே நாளில் கட்டப்படவில்லை' என்பதை மேடையில் சொல்லாத பேச்சாளர் இல்லை, ரோம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவரிடம் கேட்கக்கூடாது. பங்குச்சந்தை பற்றி எழுதுகிறவர்கள் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று எழுதி எழுதி, முட்டை விற்கிறவர்களே அதைத் தமிழ்ப் பழமொழி என்று நம்புகிற காலம் வந்துவிட்டது. 'உருளும் கல்லில் பாசி படியாது' என்பது இன்னும் ரெண்டு தலைமுறையில் குறுக்குத்துறைப் படிக்கட்டில் பிறந்தது என்று ஆகிவிடும், அப்புறம் 'பாசி இல்லை, அது பாசம்' என்று யாராவது அதற்கு ஒரு உண்மைப் பொருளும் கண்டுபிடித்துப் போனில் அனுப்புவார்கள்.